சாலைக் கடைத்தெருவின் இடப்பக்கம்

நீங்களே சாட்சி. வேறு எவரையும் நான் கூண்டில் ஏற்றப்போவதில்லை. நம் ஊர் மன்றத்தில் சனிக்கிழமைதோறும் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, கைதட்ட வேண்டிய இடத்தில் கைதட்டியும், இரும வேண்டிய இடத்தில் இருமியும் என்னைப் பேச்சாளன் ஆக்கியவர்கள் நீங்கள். நான் கோப்பை வாங்கியபோதெல்லாம் உடன் இருந்தீர்கள். ஆனால் கோப்பை தராத ஓர் அவையில், என் சொந்த அணியே என் வாயைப் பூட்டி வைத்திருந்த ஒரு பிற்பகலில், நான் வென்றபோது நீங்கள் அங்கே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் குறிப்புகள். படித்து முடித்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

1

திருவனந்தபுரத்துக்கு நான் வந்து மூன்றாவது ஓணம் நெருங்குகிறது. நேந்திர வாழைக்குலைகள் லாரி லாரியாக வந்து இறங்குகின்றன. தென்காசியில் காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். இதைப் போய் வெளிநாடு என்கிறானே என்று உங்களில் சிலர் சிரிப்பது கேட்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வரும் அனுபவக் குறிப்புகளோடு இதையும் மன்ற இதழில் சேர்க்கலாமா என்று செயலாளரே தயங்கி எழுதியிருந்தார்.

என் விடை எளியது. எந்த எல்லையைத் தாண்டினால் என் ரேஷன் அட்டை வெறும் அட்டையாகிவிடுகிறதோ, அந்த எல்லைக்கு அப்பால் இருப்பது எனக்கு வெளிநாடுதான். பட்டம் பெற்ற ஒருவன், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படிக்கத் தெரியாமல், பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தொட்டுக் கேட்க வேண்டியிருக்கும் இடம் வெளிநாடுதான். விமானத்தில் போனவர்களுக்கு மட்டும்தானா பிரிவு?

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் பழைய கடைத்தெருவுக்குச் சாலை என்று பெயர். அரிசி, பருப்பு, துணி, இரும்பு, பாத்திரம் என்று எல்லா மொத்தக்கடைகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் தெரு அது. அங்கே நம் பக்கத்துக்காரர் ஒருவரின் பருப்புக் கடையில் எனக்கு வேலை. காலையில் சைக்கிளில் புறப்பட்டுக் கரமனை, மணக்காடு, பூஜப்புரை என்று சில்லறைக் கடைகளில் ஏறி இறங்கி, யாருக்கு எவ்வளவு துவரை, யாருக்கு எவ்வளவு உளுந்து என்று கேட்டு வருவேன். பிற்பகலில் செல்லத்துரை அண்ணனைப் போன்றவர்கள் அந்தச் சரக்கைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்.

நம் ஊரில் சைக்கிள் ஒரு மரியாதை. வாத்தியார் சைக்கிளில் வருவார், தபால்காரர் வருவார், மாப்பிள்ளைக்குச் சீராகவும் சைக்கிள் வரும். குளக்கரைப் பாதையில் எதிரே பஸ் வந்தால், டிரைவர் வேகத்தைக் குறைத்து, "என்ன மாப்ளே, சௌக்கியமா" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். இந்த நகரமோ மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. இதைக் கட்டியவர்கள் சைக்கிளை நினைத்துக் கட்டவில்லை. இறக்கத்தில் ராஜாவாக வருகிறவன் ஏற்றத்தில் வண்டியைத் தள்ளும் கூலியாகிவிடுகிறான். வசதி வந்தவர்கள் ஸ்கூட்டருக்கும் மாருதிக்கும் மாறிவிட்டார்கள். மிச்சமிருக்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றை மிதிப்பவர்கள் நம்மவர்கள். ஆகவே சைக்கிளில் வருகிறவனைக் கண்டால், வழி விடு என்பதையும் தமிழனை ஏளனம் செய்யும் பாண்டிக்காரா என்பதையும் ஒரே ஹாரனில் சேர்த்து அடித்துவிடுகிறார்கள்.

2

செல்லத்துரை அண்ணன் கடையநல்லூர்ப் பக்கத்தவர். கரமனை ஆற்றோரம் வாடகைக்கு ஒரு பாதி வீடு. மனைவி, அப்போது நான்காம் வகுப்பில் இருந்த மகள் முத்துச்செல்வி. கடை மாடியில் தூங்கும் எனக்கு இரவுச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

முத்துச்செல்வி மலையாளப் பள்ளியில் முதல் மாணவி. வீட்டுக்குள் அப்பா என்பாள். பள்ளித் தோழிகளோடு தெருவில் வரும்போது அச்சா என்பாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி திரும்பிப் பார்க்கப் பழகியிருக்கிறார் அண்ணன்.

"ஏல தம்பி, நான் அப்பனா அச்சனான்னு நீயும் ஒங்க மன்றத்துக்காரங்களும் ஒக்காந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் சைக்கிளு மிதிச்சிக்கிட்டிருக்கேன்" என்பார்.

தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்க நான் முயன்றேன். அவள் கையில் நம் எழுத்துகள் எல்லாம் மலையாள வளைவோடு வயிறு பெருத்து நின்றன. என்றாலும் நான் எழுதிக் கொடுத்த ஒரு சிற்றுரையை அவள் பேசிக் காட்டியபோது, ராகம் மலையாளமாக இருந்ததே தவிர, எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண்ணை உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் பிசகவில்லை. பேச்சாளி அவள். எந்த மொழியில் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

இவற்றையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. அண்ணனுக்கு வேறு வண்டி ஓட்டத் தெரியாது. கடைகள் சைக்கிளை விட்டுச் சரக்கு ஆட்டோவுக்கு மாறினால், அவர் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்பினால், இங்கே நான்காம் வகுப்பில் முதலாவதாக இருந்த அந்தப் பெண், அங்கே தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். பின்னால் நடந்தவற்றில் பணயமாக வைக்கப்பட்டது அதுதான். அதை வைத்தது, தெரியாமல், என் நாக்கு.

3

கோடைமழை தொடங்கியிருந்த ஒரு காலை. சாலைத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஸ்ரீதரன் முதலாளியின் வெள்ளை மாருதி, வழக்கம்போல அவர் கடை வாசலில், தெருவின் இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அது மட்டுமா? கடைக்காரர்களின் கார்கள், வாடிக்கைக்காரர்களின் கார்கள் என்று இடப்பக்கம் முழுவதும் ஒரு தகரச் சுவர்போல நீண்டு கிடக்கும். சைக்கிள்காரர்கள் நடுத்தெருவில் போவோம். பின்னால் வருகிற ஸ்கூட்டரும் ஆட்டோவும் எங்கள் முதுகில் ஹாரனை அழுத்திக்கொண்டே வரும். அன்றாடம் நடப்பது இது.

அன்று முதலாளி காருக்குள் உட்கார்ந்திருந்தார். நான் நெருங்கியபோது திடீரென்று கதவைத் திறந்தார். என் முன்சக்கரம் கதவில் மோதியது. என் முழங்கை சிராய்ந்தது. கதவில் ஒரு குழி விழுந்தது. மாதிரிக்குக் கொண்டுபோன பருப்புப் பொட்டலங்கள் பிரிந்து தெருவெங்கும் மஞ்சளாகச் சிதறின.

"எடா, கண்ணு எவிடெ வச்சிருந்து?" என்றார் முதலாளி. பாத்திரம் கொள்முதல் செய்யக் கும்பகோணத்துக்குப் போய்வந்து பழகியதால் அவருக்குத் தமிழும் வரும். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். "நடுரோட்டில நெஞ்சு விரிச்சு வரான்! இது உன் அப்பன்றெ பாடமோ?" பாடம் என்றால் அவர்களுக்கு வயல்.

இந்த ஊர் மக்களிடம் நான் பெரிதும் மதிக்கும் குணம் ஒன்று உண்டு. தெருச்சண்டையை அவர்கள் வேடிக்கை பார்ப்பதில்லை, விசாரிப்பார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு நீதிமன்றம் கூடிவிட்டது. ஆட்டோக்காரர் ஆட்டோவை அப்படியே விட்டு இறங்கினார். துணிக்கடைச் சிப்பந்திகள் வாசலுக்கு வந்தார்கள். மீன் கூடையோடு போன அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எந்தா ப்ரஸ்னம்?" என்றார். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவரும் சட்டைப்பையிலிருந்து தாளை உருவிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

இவ்வளவு அவையோரை ஒரே இடத்தில் கண்டால் நான் என்ன செய்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். கடை வாசலில் பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கல வார்ப்பு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன்மேல் ஏறி நின்றேன்.

"வார்ப்பிலிருந்து எறங்குடா!" என்று முதலாளி கத்தினார். கூட்டம், "அவன் பறயட்டே, முதலாளீ" என்றது.

நம் மன்றத்தில் கொடுத்து வாங்குதல் என்று ஒரு முறை உண்டல்லவா? எதிரணி சொன்ன அத்தனையையும் முதலில் இரண்டு கையாலும் அள்ளி அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும். அவை திகைக்க வேண்டும். அதன்பின் ஆயினும் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். என் கோப்பைகளில் பாதி அந்தச் சொல் வாங்கித் தந்தவை.

"அவையோரே! முதலாளி அவர்கள் மொழிந்தது அனைத்தும் உண்மை என்றே கொள்வோம். நான் விரைந்து வந்தேன். மணி அடித்தேனில்லை. கண்ணை வானத்தில் வைத்திருந்தேன். நடுத்தெருவில் வருவது சைக்கிள்காரர்களாகிய எங்கள் அனைவரின் வழக்கம். ஒப்புக்கொள்கிறேன்!"

அந்த இடத்தில் நான் மூச்சு விட்டேன். நம் மன்றத்தில் அங்கே ஓர் அமைதி விழும். உங்களுக்குத் தெரியும், அடுத்து என்ன வரப்போகிறதென்று. சாய்ந்திருப்பவர்கள் நிமிர்வீர்கள். இங்கே அந்த மூச்சுக்குள் போலீஸ்காரர் எழுதி முடித்துத் தாளை மடித்துவிட்டார்.

"மதி, மதி. எல்லாம் சம்மதிச்சல்லோ" என்றார். போதும், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாயிற்றே என்று பொருள்.

"ஆயினும்!" என்றேன்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. "நல்ல பையன். உள்ளது பறஞ்ஞு" என்று என்னைப் பாராட்டிவிட்டு, மீன்கார அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

4

சைக்கிளைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அதை மீட்க நான் நடந்த நடை தனி நூலுக்குரியது. சைக்கிள் உன்னுடையதா என்றார்கள், ஆம் என்றேன். என்ன ஆதாரம் என்றார்கள். நம் ஊர்க் கடையில் வாங்கிய பில்லைக் காட்டினேன். தமிழில் இருக்கிறதே என்றார்கள். படித்துக் காட்டினேன், நீ படித்தால் செல்லாது என்றார்கள். ரேஷன் அட்டை கேட்டார்கள். கொடுத்தேன். எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் அச்சிட்டிருந்த கோபுரத்தைக் காட்டி, "ரொம்பப் பாங்காயிருக்கு" என்று மெச்சித் திரும்பக் கொடுத்தார். இந்த ஊரில் அட்டை வைத்திருக்கும் ஒருவர் வந்து என்னைத் தெரியும் என்று சொன்னால்தான் வண்டி வெளியே வரும்.

செல்லத்துரை அண்ணன் வந்தார். சொன்னார். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் என்னைப் பார்க்காமல் என் சைக்கிளைப் பார்த்து, "நீ எவ்வளவோ தேவல. பேச மாட்டே" என்றார்.

இரவு சாப்பாட்டின்போது முத்துச்செல்வி கேட்டாள்: "மாமன் பிரசங்கம் செய்து, போலீஸ்காரன் சைக்கிள் கொண்டுபோயி, அல்லே? இனி பிரசங்கம் செய்தா மாமனெயும் கொண்டுபோகுமோ?"

அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் சோற்றை விழுங்கத் திணறினார். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாடியில் படுத்துக்கொண்டு ஒன்றைத் தெளிந்தேன். சொந்த ஊர் என்பது நம் பேச்சின் பிற்பாதிக்காகக் காத்திருக்கும் இடம். வந்தேறிய ஊரில் முற்பாதியிலேயே நம்மை முடிவு கட்டிவிடுகிறார்கள். நம் முறைகளைப் பழகாத அவை அது, அவர்கள்மீது குற்றமில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நண்பர்களே, நீங்கள் வேறுவிதமாகக் கண்டிருந்தால் எழுதுங்கள்.

5

பாத்திரக்கடை முதலாளி சும்மா இருப்பவர் அல்லர். கார் வைத்திருக்கும் கடைக்காரர்களையெல்லாம் திரட்டி, வார்டு கவுன்சிலரிடம் ஒரு மனு கொடுத்தார். கடை திறக்கும் வேளையிலிருந்து விளக்கு வைக்கும் வரை, சுமை ஏற்றிய சைக்கிள்கள் சாலைத் தெருவுக்குள் நுழையக்கூடாது என்பது கோரிக்கை. காரணம்? நடுத்தெருவில் வருவது எங்கள் வழக்கம் என்று சைக்கிள்காரன் ஒருவனே போலீஸ் முன்னிலையில் ஒப்புக்கொண்டிருக்கிறான்.

கவுன்சிலர் ஒரு பெண். லலிதா சேச்சி என்று தெரு முழுவதும் அக்கா முறை வைத்து அழைக்கும். இரண்டு தரப்பையும் கேட்டுத்தான் மேலே எழுதுவேன் என்று சொல்லி, ஞாயிறு பிற்பகல் படிப்பகத்தின் கூடத்துக்கு எல்லாரையும் வரச் சொன்னார்.

அதற்கு முன்னால் எங்களவர்கள் பருப்புக் கிடங்கின் தாழ்வாரத்தில் கூடினார்கள். அத்தனை சைக்கிள்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றன. முகங்களைப் பார்த்தேன், யாரும் என்னை அவையின் பேச்சாளனாகக் கருதவில்லை.

"கதிரேசா, நீ வரலாம்" என்றார் செல்லத்துரை அண்ணன். "ஒக்காரலாம். அவிய சாயா குடுத்தா குடிக்கலாம். வாயத் தொறந்தேன்னு வையி, நாங்க எந்திரிச்சுப் போயிருவோம்."

"அண்ணாச்சி, அந்தப் பேச்சின் பிற்பாதியை நான் இன்னும் சொல்லவேயில்லை."

"முன்பாதிக்கே ரோடு போச்சு. பின்பாதிக்கு ஆத்துப் பாலமும் போயிரும்லா."

பெருஞ்சிரிப்பு எழுந்தது. எனக்குப் பதிலாக அண்ணனே பேசுவதென்று முடிவாயிற்று. அவருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் வேட்டி நுனியை முறுக்கத் தொடங்கிவிடுவார். அன்று மாலை முழுவதும் அவர் வேட்டி நுனியைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

ஞாயிறு பிற்பகல். வெளியே மழை. கூடத்தின் வலப்புறம் கடைக்காரர்கள், இடப்புறம் நாங்கள், நடுவில் மேசைக்குப் பின்னால் லலிதா சேச்சி.

முதலில் முதலாளி எழுந்தார். அன்று அவர் பேசியது தெருவில் பேசும் மலையாளமல்ல, மேடை மலையாளம். "கதாகதத் தடஸ்ஸம்" என்று தொடங்கினார். போக்குவரத்து இடைஞ்சல் என்பதை அப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் விளங்கியது. பேரம் பேசவும் ஏச்சுக் கேட்கவும் போதுமான மலையாளம் எங்கள் எல்லாருக்கும் உண்டு. ஆனால் இந்த மலையாளம் எங்கள் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது.

எங்கள் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அம்மா, இவரு திட்டுதாரா கும்பிடுதாரான்னே தெரியல. தமிழ்ல சொல்லச் சொல்லுங்க."

"பஹளம் வேண்டா" என்று மேசையைத் தட்டிச் சலசலப்பை அடக்கினார் சேச்சி. "அது ஞாயம்தானே, முதலாளீ. அவங்களைப் பத்திப் பேசுறது அவங்களுக்குத் தெரியண்டே? ஆரு தமிழில சொல்லும்?"

முதலாளி கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது. உதட்டில் ஒரு சிரிப்பு நெளிந்தது.

"ஆ தம்பி உண்டல்லோ! எனக்கு அவன் மதி. எனக்கு வேண்டி அவன் ஏற்கெனவே பாதி பேசிட்டான். மீதியும் அவனே பேசட்டே."

வலப்புறம் முழுவதும் சிரித்தது. சேச்சி எங்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்குச் சம்மதமோ?" என்று கேட்டார்.

செல்லத்துரை அண்ணன் எழுந்தார். "நம்ம பக்கம் பேசக்கூடாதுன்னுதான் அவனுக்குச் சொல்லிருக்கு, அம்மா. அவிய பக்கம் பேசட்டும். கெடுக்கதுல அவன் கெட்டிக்காரன்."

இப்போது இரண்டு புறமும் சிரித்தது. நான் எழுந்தேன்.

நண்பர்களே, இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். எந்தத் தரப்புக்குச் சீட்டு விழுகிறதோ அந்தத் தரப்புக்கு முழு மனத்தோடு பேச நம் மன்றத்தில் பழகியவன் நான். எதிரிக்காகப் பேசுகிறோமே என்று அரை வாயால் பேசுவது நமக்கு இழுக்கு. முதலாளியின் ஒவ்வொரு வாதத்தையும் அவரிடமே கேட்டுக் கேட்டுத் தெளிந்து, அவர் சொன்னதைவிடச் சிறப்பாகச் சொன்னேன்.

சைக்கிளில் குறுக்கே கட்டி வந்த இரும்புக் குழாய், கல்யாணப் பாத்திரம் வாங்க வந்த பெண் ஒருத்தியின் தோளைக் கிழித்ததைச் சொன்னேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் அந்தப் பெண் கட்டோடு வீடு திரும்பியதைச் சொன்னேன். கிள்ளிப்பாலத்தைச் சுற்றிவரச் சோம்பி, ஒருவழித் தெருவில் எதிர்த்திசையில் நுழைந்து, முகத்துக்கு நேரே மணியடித்து, ஒதுங்கு என்று கார்க்காரனையே அதட்டுபவர்களைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் பெண்ணின் தோளில் விழுந்த காயத்துக்கு எந்த மொழி? எந்த மாநிலம்?" என்று கேட்டேன். எங்கள் வரிசையில் தலைகள் தாழ்ந்தன. எதிர்த்திசையில் வருபவர்களில் முதன்மையானவர் செல்லத்துரை அண்ணன்; அவர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலப்புறத்தில் கைதட்டல். முதலாளியே, "கொள்ளாம், கொள்ளாம்" என்று மெச்சித் தொடையில் தட்டினார்.

பிறகு மனுவின் உயிர்நாடிக்கு வந்தேன்: சைக்கிள்கள் நடுத்தெருவில் வருகின்றன; ஆகவே சைக்கிள்களைத் தடுக்க வேண்டும்.

அங்கே நின்றேன். முதலாளியின் பக்கம் திரும்பினேன். ஒரு வக்கீல் தம் கட்சிக்காரரிடம் கேட்பதுபோலப் பணிவாகக் கேட்டேன்.

"முதலாளி, நம் வாதத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. நடுத்தெருவில் ஏன் வருகிறார்கள் என்று இவர்கள் கேட்டால், உங்கள் சார்பில் நான் என்ன விடை சொல்ல?"

"அகங்காரம்! பின்னெ வேற எந்தா?"

"இடப்பக்கமாகப் போனால் என்ன என்று அவர்களை மடக்கிவிடலாமா?"

"மடக்கு, மடக்கு."

"இடப்பக்கத்தில் வழி இருக்கிறது என்று சொல்லிவிடட்டுமா?"

முதலாளி உற்சாகத்தில் இருந்தார். வாதம் தம் பக்கம் ஓடுகிறது என்ற மகிழ்ச்சி. "இடது பக்கத்தில எவிடெ வழி? அவிடெ நம்ம காரெல்லாம் கிடக்குன்னல்லே!" என்றார்.

நான் ஒன்றும் சேர்க்கவில்லை. எங்கள் வரிசைப் பக்கம் திரும்பி, மேடைத் தமிழில், ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடைவெளி விட்டு, அவர் விடையையும் அவர் மனுவையும் அடுத்தடுத்து அப்படியே மொழிந்தேன்: "இடப்பக்கத்தில் வழி ஏது? அங்கே எங்கள் கார்கள் நிற்கின்றன. ஆகவே நீங்கள் நடுவில் வருகிறீர்கள். நடுவில் வருவதால் உங்களைத் தடுக்க வேண்டும்."

எங்கள் பக்கத்தில் யாரோ தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். சிரிப்பு மேசையைத் தாண்டி வலப்புறம் போயிற்று. துணிக்கடைக்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். லலிதா சேச்சி நெற்றியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

முதலாளி சற்று நேரம் புரியாமல் நின்றார். பிறகு புரிந்தது. என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். "எடா கள்ளா! நீ எனக்கு வேண்டியோ பேசினே?"

"உங்களுக்காகத்தான் பேசினேன், முதலாளி. ஒரு சொல்லைக் கூட்டினேனா? குறைத்தேனா? அவையைக் கேளுங்கள்."

"இல்லெ" என்று அவர் ஒப்புக்கொண்டார். அதுதான் அவர் பெருமை. ஆனால் தோற்றுப் போகிறவரும் அல்லர் அவர். "சரி, காரை நான் எவிடெ கொண்டுபோய் இட? தலையில வச்சுக் கடைக்குள்ளே போகவோ?"

நியாயமான கேள்வி. அப்போதுதான் செல்லத்துரை அண்ணன் எழுந்தார். வேட்டி நுனி கையில் இல்லை. கிள்ளிப்பாலம் முனையில் முன்பு மாட்டுவண்டிகள் அவிழ்த்துப் போடும் மைதானம் ஒன்று உடைந்த மரப்பெட்டிகளோடு கிடக்கிறதென்றும், அதைச் சுத்தம் செய்தால் இந்தத் தெருவின் அத்தனை கார்களும் நிற்குமென்றும் அவர் சொன்னார். "பெட்டிய நாங்க எடுத்துத் தாரோம், முதலாளி. ஒரே நாள் சோலி."

சேச்சி பேசிப் பேசி முடிவுக்குக் கொண்டுவந்தார். பகலில் இடப்பக்கத்தில் கார் நிறுத்தக்கூடாது, அது சைக்கிளுக்கு. கார்கள் மைதானத்துக்கு. குழாயும் கம்பியும் கடை திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எதிர்த்திசையில் ஒருவரும் வரக்கூடாது. ஓணம் வரை இப்படி நடத்திப் பார்ப்பது. நடந்தால் நிலையான ஏற்பாடாக எழுதி அனுப்புவது.

நடந்துகொண்டிருக்கிறது, நண்பர்களே. இன்று காலைகூட நேந்திரங்குலை லாரிகளின் சந்தடிக்கிடையே அந்த இடப்பக்கத்தில் நான் சைக்கிளில் வந்தேன். முத்துச்செல்வி ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அங்கேயும் அவளே முதல்.

7

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. படிப்பகத்தின் படிகளில் எங்களவர்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். வாயைத் திறக்காதே என்றவர்களே, "பேசு, பேசு" என்று கத்தினார்கள். நம் மன்றத்தில் எத்தனையோ முறை மாலை விழுந்திருக்கிறது. இந்தத் தோள்களின் வியர்வைக்கு அவை எதுவும் ஈடில்லை.

அப்போது கூட்டத்தில் ஒருவன் கூவினான்: "இனி எவன் நம்மளக் கேக்கதுக்கு? தெரு நம்மளுக்குன்னு ஆயிட்டு! எதுத்தும் வருவோம், குறுக்கயும் வருவோம்! ஜெயிச்சாச்சுல்லா!"

"ஆமாலே!" என்று சிலர் ஆர்ப்பரித்தார்கள். செல்லத்துரை அண்ணனும் சிரித்தபடி தலையாட்டினார்.

படிக்குக் கீழே ஸ்ரீதரன் முதலாளி குடையை விரிக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இறக்கிவிடுங்கள்" என்றேன். இறக்கினார்கள். மேல்படியில் ஏறி நின்றேன். அன்று வார்ப்பின்மேல் நின்றபோது கிடைக்காத அமைதி இப்போது கிடைத்தது, முதலாளியும் காத்திருந்தார். இரு பக்கத்தாரும் கேட்க, உரத்த குரலில் சொன்னேன்:

"நாளைக் காலையிலிருந்து நம்மில் எவனாவது எதிர்த்திசையில் வந்தால், எவனாவது குழாயைக் குறுக்கே கட்டி வந்தால், முதலாளி மனு எழுத வேண்டாம், பேச ஆள் தேடவும் வேண்டாம். அவருக்காக நான் பேசுவேன். இதே கூடத்தில், எதிரே நிற்பது என் செல்லத்துரை அண்ணனே ஆனாலும், முழு மூச்சோடு பேசுவேன். நான் ஒரு பக்கத்துக்காகப் பேசினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் இன்று பார்த்துவிட்டீர்கள்."